ஒரே சதவீத விசை, மூன்று விடைகள்: கல்லூரிக் கணக்குக்கு கேசியோ 991 எப்படி?

500 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 590 ரூபாய். மனக்கணக்காகவே போட்டுவிடலாம். இதையே பழைய கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ் கால்குலேட்டரில் 500, +, 18, ஷிஃப்ட், % என்று தட்டிப் பாருங்கள். திரையில் வருவது 2877.777778. அதே வரிசையை 991ஈஎஸ் பிளஸ்-இல் தட்டி = அழுத்தினால் 500.18. பல கைபேசிகளில் இருக்கும் கால்குலேட்டர் மட்டும் 590 காட்டும்.

மூன்றில் எதுவும் பழுதில்லை. பழைய எம்எஸ்-இல் கூட்டலுக்குப் பின் % அழுத்தினால், ‘இரண்டு எண்ணும் சேர்ந்த மொத்தம், இரண்டாம் எண்ணில் எத்தனை சதவீதம்?’ என்று அது புரிந்துகொள்கிறது. 518-ஐ 18-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கிய விடைதான் அது. 500 கிராம் இருந்த பொருளோடு 300 கிராம் சேர்த்தால் பழைய எடையில் 160 சதவீதம் ஆகும் என்று பார்ப்பதற்காக வைத்த வசதி. ஈஎஸ் பிளஸ்-இல் % என்றால் ‘100-ஆல் வகு’, அவ்வளவுதான். 18% என்பது 0.18, அதை 500-உடன் கூட்டிவிட்டது. கைபேசிதான் கடைக்கணக்கு வழக்கப்படி 500-இல் 18 சதவீதம் எடுத்துக் கூட்டுகிறது.

இன்ஜினியரிங், பி.எஸ்சி., பி.காம்., எம்பிஏ எதுவாக இருந்தாலும் மாணவர் கையில் முதல் வாரமே வந்துவிடுவது இந்த 991 வரிசையில் ஒன்று. மூன்று மாதிரிகளை இங்கே ஒப்பிடுகிறோம்: இரண்டு வரித் திரை கொண்ட 991எம்எஸ், புத்தகத்தில் அச்சிடுவதுபோல் பின்னம் காட்டும் 991ஈஎஸ் பிளஸ், புதிய 991சிடபிள்யூ. எத்தனை நூறு செயல்பாடு இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருப்பதை வைத்து நாங்கள் அளக்கவில்லை. கல்லூரியில் எண்ணை வைத்து யோசிக்க வேண்டிய இடங்களில் இது எங்கே கைகொடுக்கிறது, எங்கே சத்தமில்லாமல் தவறான விடையைக் கையில் திணிக்கிறது என்பதே கேள்வி.

சதவீதத்தை முடித்துவிடுவோம். எம்எஸ்-இல் சரியான வழி 500 × 18 ஷிஃப்ட் % தட்டி, அதன்பின் + அழுத்துவது, 590 வரும். தள்ளுபடிக்குக் கடைசியில் −. ஆனால் எங்கள் பரிந்துரை அந்த விசையையே தொடாமல் இருப்பது. 18 சதவீதம் கூட்ட 1.18-ஆல் பெருக்குங்கள், வரி சேர்ந்த விலையிலிருந்து அடக்க விலைக்கு வர 1.18-ஆல் வகுங்கள். 590 ÷ 1.18 = 500. இதற்குப் பதிலாக 590-இலிருந்து 18 சதவீதத்தைக் கழிப்பவர்களுக்கு 483.80 கிடைக்கும். பி.காம். விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை இது, எந்தக் கால்குலேட்டரும் தடுக்காது. பெருக்கல் காரணியாகப் பழகியவர்கள் எந்தக் கருவியைக் கொடுத்தாலும் தடுமாற மாட்டார்கள்.

எம்எஸ்-இன் % விசையில் பயனுள்ள ஒன்றும் இருக்கிறது. 46 − 40 ஷிஃப்ட் % என்று தட்டினால் 15 வரும். 40 என்பது 46 ஆனால் 15 சதவீத உயர்வு என்று பொருள். தேர்ச்சி விகிதம் 40 சதவீதத்திலிருந்து 46 சதவீதமாக உயர்ந்தால், அது 6 சதவீதப் புள்ளி உயர்வு, 15 சதவீத வளர்ச்சி. இரண்டும் சரி, இரண்டும் வேறு. எதைச் சொல்கிறோம் என்பதை எழுதும்போது தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

இந்தக் கருவியின் உண்மையான மதிப்பு தெரிவது புள்ளியியலில்தான். தவறும் அங்கேதான் அதிகம். ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். எட்டு மாணவர்களின் இன்டர்னல் மதிப்பெண், 50-க்கு: 32, 38, 41, 35, 44, 29, 38, 47.

எம்எஸ்-இல் மோட் விசையை இருமுறை அழுத்தி 1. இது எஸ்டி எனும் புள்ளியியல் நிலை. உடனே எண்களை ஏற்றாதீர்கள். முதலில் ஷிஃப்ட், சிஎல்ஆர், 1, =. பழைய தரவு அழியும். இந்த அழிப்பை எஸ்டி நிலைக்குள் வந்த பிறகுதான் செய்ய வேண்டும். சாதாரணக் கணக்கு நிலையில் இதே விசைகள் ஏ, பி போன்ற நினைவகங்களைத்தான் அழிக்கும். புள்ளியியல் தரவு அப்படியே இருக்கும். அடுத்து 32 டிடி, 38 டிடி என்று எட்டையும் ஏற்றுங்கள். டிடி என்பது எம்+ விசைதான். முடிந்ததும் ஷிஃப்ட், 1, 3, =. இது எண்ணிக்கை, 8 வர வேண்டும். அதன்பிறகே ஷிஃப்ட், 2, 1, = அழுத்திச் சராசரி பாருங்கள்: 38.

எண்ணிக்கையை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறோம் என்றால், நிலை மாறிப் போய்த் திரும்பி வந்தாலும் எம்எஸ் பழைய கூட்டுத்தொகைகளை வைத்திருக்கும். தனித்தனி எண்களைத் திருப்பிப் பார்க்கும் வசதிதான் போய்விடும். அழிக்க மறந்து அதே எட்டு எண்களை மறுபடி ஏற்றினால் சராசரி அப்போதும் 38 என்றே வரும். பார்ப்பவர் நிம்மதியாகிவிடுவார். எண்ணிக்கை மட்டும் 16 என்று காட்டிக்கொடுக்கும். டிடி விசையை இரண்டு முறை அழுத்தினால் அதே எண் இருமுறை ஏறும் என்பதும் அதன் வடிவமைப்பு. விரல் ஒருமுறை துள்ளினால் போதும், எட்டு ஒன்பதாகிவிடும்.

அடுத்தது திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவி நிற்கின்றன என்ற அளவு. ஷிஃப்ட் 2 பட்டியலில் இரண்டு இருக்கின்றன. 2 அழுத்தினால் ‘சிக்மா என்’: 5.61248608. 3 அழுத்தினால் ‘சிக்மா என்-1’: 6. பத்தாம் வகுப்புச் சமச்சீர் பாடநூலில் சொல்லிக்கொடுத்தது எண்ணிக்கையால் வகுக்கும் முதல் வகை. கல்லூரி ஆய்வகமும் ஆய்வுமுறைத் தாளும் பெரும்பாலும் கேட்பது, எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்கும் இரண்டாம் வகை. இந்த மாற்றத்தை யாரும் நிறுத்திச் சொல்வதில்லை. அதனால் மாணவர்கள் பழகிய விசையையே அழுத்துகிறார்கள்.

எதை எப்போது? அந்த வகுப்பில் இருப்பதே எட்டுப் பேர், அவர்களைப் பற்றி மட்டும் பேசுகிறோம் என்றால் 5.61. அறுபது பேரிலிருந்து எட்டுப் பேரை எடுத்து, அறுபது பேரின் பரவலை மதிப்பிடுகிறோம் என்றால் 6. மாதிரியின் சராசரி அந்த மாதிரியிலிருந்தே எடுக்கப்பட்டது. ஆகவே விலகல்கள் உண்மையைவிடச் சற்றுச் சிறிதாகத் தெரியும். ஒன்றைக் குறைத்து வகுப்பது அதை ஈடுசெய்யத்தான். ஆய்வகத்தில் ஒரே அளவை ஐந்து முறை எடுப்பதும் மாதிரிதான். அங்கே இரண்டாம் வகை. எக்செலில் எஸ்டிடெவ்.எஸ், எஸ்டிடெவ்.பி என்று இரண்டு இருப்பதும் இதே வேறுபாடு. ரெக்கார்ட் நோட்டில் எதைப் பயன்படுத்தினோம் என்று ஒரு சொல்லாவது எழுதுவது நல்லது.

விடை வந்ததும் ஒரு நொடி நின்று பார்க்கும் பழக்கமும் வேண்டும். 47-ஐ 470 என்று ஏற்றிவிட்டால் சராசரி 90.875 ஆகிவிடும். 50-க்குப் போட்ட மதிப்பெண்ணின் சராசரி 90 ஆக முடியாது. ஆனால் 38-ஐ 28 என்று ஏற்றினால் சராசரி 36.75; பார்வைக்கு நம்பும்படியே இருக்கும். இங்கேதான் ஈஎஸ் பிளஸ் தெளிவாக முந்துகிறது. அதில் மோட் 3 அழுத்தினால் எண்கள் அட்டவணையாகத் திரையில் நிற்கும். ஏறி இறங்கி ஒவ்வொன்றையும் தாளோடு ஒப்பிடலாம். எம்எஸ்-இலும் அம்புக்குறியால் பார்க்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு எண்தான். முப்பது எண்ணுக்கு மேல் போனால் யாரும் பொறுமையாகப் பார்ப்பதில்லை. புள்ளியியல் பாடம் இருக்கிறவர்களுக்கு ஈஎஸ் பிளஸ் வாங்க இந்த ஒரு காரணம் போதும்.

எம்எஸ்-இன் எஸ்டி நிலையில் ஷிஃப்ட் 3 அழுத்தினால் இயல்நிலைப் பரவலுக்கான நான்கு தெரிவுகள் வரும். பலர் கவனிக்காத பொக்கிஷம். பி என்பது இடப்பக்கம் முழுவதன் பரப்பு, க்யூ என்பது பூச்சியத்திலிருந்து அந்த மதிப்பு வரை, ஆர் என்பது வலப்பக்க மீதி. 1.96-க்கு முறையே 0.975, 0.475, 0.025. நம் பாடநூல்கள் பலவற்றில் பின்னிணைப்பாக வரும் அட்டவணை பூச்சியத்திலிருந்து தொடங்குவது. அதற்குப் பொருந்துவது க்யூ. நூலகத்தில் எடுக்கும் வேறு புத்தகத்தில் அட்டவணை இடக்கோடியிலிருந்து தொடங்கினால் பொருந்துவது பி. இரண்டு அட்டவணையும் ஏன் 0.5 வேறுபடுகின்றன என்பது இந்த மூன்று விசைகளை மாற்றி மாற்றி அழுத்தினாலே புரிந்துவிடும்.

நான்காவதாக அம்புக்குறியோடு ஒரு ‘டி’ இருக்கும். இதைப் பார்த்து ‘டி’ சோதனைக்கான மதிப்பு என்று எண்ணி விடை எழுதுகிறவர்கள் உண்டு. அது அதுவல்ல. ஒரு மதிப்பு சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்று சொல்வது. அதற்கும் ‘சிக்மா என்’ மதிப்பையே எடுத்துக்கொள்கிறது. மேற்சொன்ன தரவில் 47, ஷிஃப்ட், 3, 4, = என்று தட்டினால் 1.60 வரும். மாதிரித் திட்ட விலக்கம் 6-ஐ வைத்துக் கையால் போட்டால் 1.5. கருவி எதை எடுத்தது என்று தெரியாமல் இரண்டு விடையையும் வைத்துக்கொண்டு குழம்ப நேரிடும்.

ரெக்ரஷனுக்கு, அதாவது தரவுக்குப் பொருந்தும் கோட்டைக் கண்டுபிடிப்பதற்கு வருவோம். வேதியியல் ஆய்வகத்தில் நிறமானி அளவீடு: செறிவு 2, 4, 6, 8, 10 பிபிஎம், உட்கவர்வு 0.11, 0.21, 0.30, 0.42, 0.51. எம்எஸ்-இல் மோட், மோட், 2, பிறகு 1. பழைய தரவை அழித்துவிட்டு 2, காற்புள்ளி, 0.11, டிடி என்று ஐந்து இணையையும் ஏற்றவும். ஷிஃப்ட் 2, வலது அம்பு இருமுறை. ஏ, பி, ஆர் மூன்றும் வரும். ஏ = 0.007, பி = 0.0505, ஆர் = 0.9991. ஆர் என்பது ஒட்டுறவுக் கெழு, புள்ளிகள் நேர்கோட்டோடு எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்பதன் அளவு.

பொறி இங்கே இருக்கிறது. பள்ளியில் நேர்கோட்டை ‘ஏ எக்ஸ் + பி’ என்று எழுதிப் பழகியவர்களுக்கு ஏ என்றால் சாய்வு. கேசியோ எழுதுவது ‘ஏ + பி எக்ஸ்’. இதில் ஏ என்பது வெட்டுத்துண்டு, பி-தான் சாய்வு. உட்கவர்வு 0.36 வந்த ஒரு மாதிரியின் செறிவு என்ன? சரியாகப் போட்டால் 0.36-இலிருந்து 0.007 கழித்து 0.0505-ஆல் வகுக்க 6.99 பிபிஎம். எழுத்துகளை மாற்றிப் போட்டால் 44.2 பிபிஎம். அளவீடு எடுத்ததே 2 முதல் 10 வரைதான், உட்கவர்வு 0.36 என்பது 0.30-க்கும் 0.42-க்கும் நடுவே, அப்படியானால் செறிவு 6-க்கும் 8-க்கும் நடுவேதான் இருக்க வேண்டும். கால்குலேட்டரைத் தொடும் முன்பே தெரிந்த விஷயம் இது. குழப்பத்தை முழுதாகத் தவிர்க்க வேண்டுமென்றால் 0.36, ஷிஃப்ட், 2, வலது அம்பு மூன்று முறை, 1, =. தொப்பி போட்ட எக்ஸ், அதாவது மதிப்பிட்ட செறிவு, நேராக வந்துவிடும். ஏ, பி எது என்று நினைவு வைக்கவே வேண்டாம்.

ஆர் 0.99 வந்துவிட்டது, எனவே நேர்கோடுதான் என்று முடிவு கட்டுவது இன்னொரு தவறு. இந்தக் கருவிகளில் வரைபடம் கிடையாது. 1973-இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுப்புகளை 991-இல் ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 11 இணைகள். நான்கிலும் எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, வெட்டுத்துண்டு 3, சாய்வு 0.5, ஆர் 0.816. வரைபடத்தாளில் குறித்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைவு, ஒன்றில் நேர்கோட்டை விட்டு ஒரு புள்ளி மட்டும் விலகி நிற்கும், இன்னொன்றில் ஒரே ஒரு புள்ளிதான் முழுக் கோட்டையும் இழுத்துப் பிடித்திருக்கும். புள்ளியியல் எடுக்கும் ஆசிரியர்கள் ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்கலாம்: நான்கு குழு, நான்கு கால்குலேட்டர், நான்கு வரைபடத்தாள்.

அடுத்து, மாணவர் வாழ்க்கையிலேயே நேராக வந்து நிற்கும் கணக்கு: கல்விக்கடன். 4,00,000 ரூபாய், ஆண்டுக்கு 10.5 சதவீத வட்டி, 84 மாதத் தவணை. முதலில் மனக்கணக்கு. வட்டியே இல்லையென்றால் மாதம் சுமார் 4,762. முதல் மாத வட்டி மட்டும் 3,500. கடன் குறையக் குறைய வட்டியும் குறையும்; சராசரியாக அதில் பாதி என்று வைத்தால் 1,750. ஆக மாதத் தவணை 6,500 பக்கத்தில் வர வேண்டும்.

இப்போது எம்எஸ். 10.5 ÷ 1200, ஷிஃப்ட், எஸ்டிஓ, ஏ. மாத வட்டி 0.00875 நினைவகத்தில் ஏறிவிட்டது. பிறகு 400000 × ஏ ÷ ( 1 − ( 1 + ஏ ) ^ (−) 84 ) =. விடை 6,744.27. மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, நம்பலாம். மொத்தம் கட்டுவது 5,66,519 ரூபாய். அடைப்புக்குறிக்குள் இருக்கும் (−) என்பது எதிர்மக்குறி விசை, கழித்தல் விசை அல்ல.

நினைவகத்தில் ஏற்றாமல், 0.00875-ஐத் தாளில் 0.009 என்று முழுமையாக்கி எழுதித் திரும்பத் தட்டினால் தவணை 6,806.98 வரும். மாதம் 63 ரூபாய் வித்தியாசம். 84 மாதத்துக்கு 5,200 ரூபாய்க்கு மேல். இடையில் முழுமையாக்கக் கூடாது, கடைசியில் ஒரே முறைதான் என்று ஆசிரியர்கள் சொல்வது இதனால்தான். எம்எஸ்-இன் எஸ்டிஓ, ஆன்ஸ் விசைகளைப் பழகிக்கொண்டவர்களுக்கு இந்தப் பிழை வராது.

ஈஎஸ் பிளஸ்-இல் இதே கணக்கு இன்னும் அழகாக விரிகிறது. மோட் 7 அழுத்தினால் டேபிள். சூத்திரத்தில் 84-க்குப் பதிலாக எக்ஸ் போட்டு, தொடக்கம் 60, முடிவு 120, இடைவெளி 12 என்று கொடுத்தால் ஆறு வரி வந்து நிற்கும். 60 மாதத்துக்கு 8,597.56, 84-க்கு 6,744.27, 120-க்கு 5,397.40. ஏழு வருடத்தைப் பத்தாக நீட்டினால் மாதம் 1,347 ரூபாய் இலகுவாகிறது. ஆனால் மொத்தத்தில் 81,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறோம். வங்கியில் கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டிய அட்டவணை இது. எம்எஸ்-இல் டேபிள் கிடையாது. கால்க் விசையில் சூத்திரத்தை எழுத்துகளோடு வைத்து ஒவ்வொரு மதிப்பாகக் கொடுத்துப் பார்க்கலாம், கொஞ்சம் நேரமாகும்.

திரை எண்ணைக் காட்டும் விதத்திலும் இரண்டு மூன்று பள்ளங்கள். கருவி பெட்டியிலிருந்து வரும்போது நார்ம் 1 அமைப்பில் இருக்கும். அதில் 1 ÷ 200 தட்டினால் 0.005 வராது, 5 என்று பெரிதாகவும், வலது ஓரத்தில் பத்தின் அடுக்கு மைனஸ் 3 என்று சிறிதாகவும் வரும். பரபரப்பில் 5 என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது என்பது நினைவில் இருந்தால் உடனே பிடிபடும். வாங்கிய அன்றே எம்எஸ்-இல் மோட் விசையை ஐந்து முறை அழுத்தி 3, பிறகு 2 போட்டுவிடுங்கள். நார்ம் 2-இல் 0.005 என்றே வரும்.

இஎக்ஸ்பி விசை ‘பெருக்கல் பத்தின் அடுக்கு’ முழுவதையும் குறிக்கிறது. ஒளியின் வேகத்துக்கு 3 இஎக்ஸ்பி 8 போதும். 3 × 10 இஎக்ஸ்பி 8 என்று தட்டினால் விடை பத்து மடங்காகிவிடும். இயற்பியல் ஆய்வகத்தில் விடை சரியாகப் பத்து மடங்கு தவறு என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஈஎஸ் பிளஸ்-க்கு அதன் சொந்தத் தொல்லை ஒன்று உண்டு. 2.4 வோல்ட்டை 0.70 ஆம்பியரால் வகுத்தால் 24/7 என்று பின்னமாகக் காட்டும். அளந்து எடுத்த எண்ணுக்குப் பின்ன விடை பொருளற்றது. எஸ்-டி விசையை அழுத்தினால் 3.428571429, அளவீட்டின் நுணுக்கத்துக்கு எழுத வேண்டியது 3.4 ஓம். ஒவ்வொரு முறையும் அந்த விசையைத் தேடாமல் இருக்க ஷிஃப்ட், மோட், 1, பிறகு 2. உள்ளீடு புத்தக வடிவிலேயே இருக்கும், விடை மட்டும் தசமத்தில் வரும். ஆய்வகத்துக்கு இந்த அமைப்பையே பரிந்துரைக்கிறோம். கணிதத் தாளுக்கு 2√2 போன்ற விடை வேண்டும்போது பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

டிகிரி, ரேடியன் விவகாரம் எல்லோரும் அறிந்ததே. சைன் 30, டிகிரியில் 0.5, ரேடியனில் −0.988, கிரேடியனில் 0.454. மூன்றாவதுதான் ஆபத்து, ஏனென்றால் 0.454 சந்தேகத்தைக் கிளப்பாது. திரை மேல் ஓரத்தில் இருக்கும் சிறிய எழுத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். வகைக்கெழு, தொகையீடு விசைகளில் முக்கோணவியல் சார்பு வந்தால் ரேடியன்தான். டிகிரியில் வைத்து சைனின் வகைக்கெழுவைப் பூச்சியத்தில் கேட்டால் 1-க்குப் பதில் 0.01745 வரும், அது பை-ஐ 180-ஆல் வகுத்த மதிப்பு.

கால்குலேட்டரும் எக்செலும் கலந்து பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 991-இல் −3-இன் வர்க்கம் என்று அடைப்புக்குறி இல்லாமல் தட்டினால் −9. எக்செலில் =-3^2 என்றால் 9. 991-இல் 1 ÷ 2π என்று பெருக்கல் குறி போடாமல் தட்டினால் இரண்டையும் பையையும் ஒரே கட்டாக எடுத்துக்கொண்டு 0.159 தரும், பெருக்கல் குறி போட்டுவிட்டால் 1.571. இரண்டுக்கும் மருந்து அடைப்புக்குறிதான், தாராளமாகப் போடுங்கள்.

மாதிரியெடுப்புக்கு எம்எஸ்-இன் ரேண்டம் விசை 0.000 முதல் 0.999 வரை ஓர் எண் தரும். 60 பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க 60-ஆல் பெருக்கி ஒன்று கூட்டி முழு எண் பகுதியை எடுப்பது வழக்கம். ஆனால் வரக்கூடிய எண்கள் ஆயிரம்தான். 60-ஆல் மீதியின்றி வகுபடாது. எனவே 40 பேருக்கு 17 வாய்ப்பும் 20 பேருக்கு 16 வாய்ப்பும் கிடைக்கும். வகுப்புப் பயிற்சிக்குப் பெரிய குறையில்லை. ஈஎஸ் பிளஸ்-இல் முழு எண்ணாகவே கேட்டு வாங்கும் விசை இருப்பதால் இந்தப் பேச்சே வராது.

991சிடபிள்யூ பற்றிச் சுருக்கமாக. திரை கூர்மை. ஈருறுப்புப் பரவல், பாய்சான், தலைகீழ் இயல்நிலை எல்லாம் உள்ளே இருக்கின்றன. 5 பத்தி, 45 வரி கொண்ட சிறு விரிதாளும் உண்டு. புள்ளியியலை ஆழமாகப் படிப்பவருக்கு மூன்றில் இதுதான் வலுவானது. ஆனால் விசை அமைப்பையே மாற்றிவிட்டார்கள். = விசை இல்லை, இஎக்ஸ்இ இருக்கிறது. எஸ்-டி போய் ஃபார்மட் பட்டியல் வந்திருக்கிறது. தசமம் உடனே வேண்டுமென்றால் ஷிஃப்ட் சேர்த்து இஎக்ஸ்இ. எம்எஸ்-இல் விரல் பழகியவர்களைக் கடைசி செமஸ்டரில் இதற்கு மாறச் சொல்ல மாட்டோம். முதலாண்டில் புதிதாக வாங்குபவருக்குத் தடையில்லை; தேர்வில் அனுமதி உண்டா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். நிரல் எழுத முடியாத சயின்டிஃபிக் கால்குலேட்டர் என்ற பொது விதிக்குள் மூன்றும் வந்தாலும், மாதிரி எண்ணைக் குறிப்பிட்டுப் பட்டியல் போடும் கல்லூரிகள் உண்டு.

கேட் (GATE) தேர்வில் இது எதுவும் உள்ளே போகாது, கணினித் திரையில் வரும் கால்குலேட்டர்தான். டிஎன்பிஎஸ்சி திறனறிவுக்கு வெறும் கைதான். அங்கே போக நினைப்பவர்கள் மேலே சொன்ன மதிப்பீட்டுப் பழக்கத்தை இப்போதே தொடங்குவது நல்லது.

எங்கள் தேர்வு: வணிகவியல், உயிரியல், சமூக அறிவியல், மேலாண்மை படிப்பவர்களுக்கு ஈஎஸ் பிளஸ். தரவைப் பார்க்க முடிவதும் டேபிளும் அவர்களுக்கு நேராகப் பயன்படும். இன்ஜினியரிங்கில் வேகமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டியவர்களுக்கு எம்எஸ் இன்றும் குறை வைக்காது, விலையும் குறைவு. புள்ளியியல் முதன்மைப் பாடமென்றால் சிடபிள்யூ.

வாங்கும்போது கடையிலேயே சோதித்துவிடுங்கள். இந்தப் பெயரில் போலிகள் சந்தையில் நடமாடுகின்றன. 69 தொடர்பெருக்கம் (69!) 1.711224524, பத்தின் அடுக்கு 98 என்று வர வேண்டும். 70 தொடர்பெருக்கத்துக்குக் கணக்குப் பிழை என்ற அறிவிப்பு வர வேண்டும். அடுக்கு 99-ஐத் தாண்டுவதால் அது சரிதான். சீனியரிடமிருந்து பழைய எம்எஸ் வாங்கினால் ஷிஃப்ட், சிஎல்ஆர், 3, = தட்டி முழுதும் அழித்துவிட்டு, டிகிரியில் இருக்கிறதா என்று பார்த்து, நார்ம் 2 போடுங்கள். உள்ளே இருக்கும் எல்ஆர்44 பட்டன் செல்லையும் மாற்றிவிடுங்கள். வெளிச்சமான வகுப்பறையில் சோலார் தாங்கிக்கொள்ளும். செல் தீர்ந்தது வெளியே தெரியாது. மங்கலான தேர்வு அறையில் உட்காரும்போதுதான் திரை வெளுக்கத் தொடங்கும்.